கைமாறி வந்த காம்பர் வண்டி

ஊரைவிட்டுப் புறப்பட்டுத் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நமக்கு, ஒரே அறைக்குள் அடுக்களையையும் படுக்கையையும் பெட்டிகளையும் சுவாமி படங்களையும் அடக்கி வைக்கும் கலை புதிதன்று. ஆயினும், அந்த அறையையே நான்கு சக்கரங்களின்மேல் ஏற்றி, ஐரோப்பாவிலிருந்து தாமே ஓட்டிக்கொண்டு வந்து நம் வீதியோரங்களில் நிறுத்தியவர்களை 1960-களிலும் 1970-களிலும் தில்லியில் கண்டபோது நம்மவர் வியந்துதான் நின்றனர். கரோல் பாகிலும் லோதி காலனியிலும் அந்நாளில் வாழ்ந்த மூத்தோர் சிலருக்கு அக்காட்சி இன்றும் நினைவிருக்கலாம். முகம் தட்டையாய், உடல் பெட்டிபோல் அமைந்து, புழுதி படிந்து நிற்கும் ஒரு சிறு வண்டி. அதன் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு, அலமாரி, மடக்கு மேஜை, மெத்தை. இதனைத்தான் காம்பர் வண்டி என்கின்றனர்.

வந்தவர்கள் பெருஞ் செல்வர்கள் என்றே நம்மில் பலர் எண்ணினோம். சொந்த மோட்டார் வண்டியில் உலகம் சுற்றுகிறவர் வேறு யாராக இருக்க முடியும்? ஆனால் உண்மை வேறு. அவ்வண்டிகளில் பெரும்பாலானவை புதியனவாக வாங்கப்பட்டவை அல்ல. பலர் கை மாறி, பலர் குடித்தனம் நடத்தி, துருப்பிடித்துத் தேய்ந்தபின் சொற்ப விலைக்கு வாங்கப்பட்டவை. அந்தக் கைமாற்றின் வரலாற்றையே நாம் இங்கு காணப் புகுகின்றோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரிலிருந்த வோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. அங்கே பணிசெய்தோர், தொழிற்சாலைக்குள் சாமான்களை எடுத்துச் செல்வதற்காக, சிறு காரின் அடிச்சட்டத்தின்மேல் பலகையைப் பொருத்தி ஒரு தட்டுவண்டி செய்துகொண்டிருந்தனர். ஹாலந்து நாட்டு மோட்டார் வியாபாரியான பென் பான் என்பவர் அதனைக் கண்டார். 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் தம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் கிறுக்கினார். முன்புறம் ஓட்டுபவன், பின்புறம் இயந்திரம், இடையே சரக்குக்கு ஒரு பெட்டி; 750 கிலோ சுமை. அவ்வளவே அப்படம். குழந்தை வரைந்த ரொட்டித்துண்டு போலத் தோன்றும் அக்கிறுக்கல் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

1950-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வண்டியின் உற்பத்தி தொடங்கியது. இயந்திரம் 1131 கன சென்டிமீட்டர் அளவு. வலிமை 25 குதிரைச் சக்தி. அதனைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டியதில்லை, காற்றே போதும். வண்டியின் நீளம் நாலேகால் மீட்டருக்குச் சற்று மேல்; அதாவது ஒரு சாதாரண காரின் நீளந்தான். கண்டங்களைக் கடக்க வேண்டும் என்று அதனைச் செய்தவர் எவரும் எண்ணவில்லை. ரொட்டிக் கடைக்காரரும் காய்கறி வியாபாரியும் சரக்கு ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

அதனை வீடாக்கியவர் வேறு. 1844 முதல் வண்டி செய்யும் தொழிலில் இருந்த வெஸ்ட்ஃபாலியா என்னும் ஜெர்மானியக் கம்பெனி, 1950-களின் தொடக்கத்திலேயே ‘காம்பிங் பெட்டி’ என்ற ஒன்றை விற்கத் தொடங்கியது. வாரநாட்களில் சரக்கு ஏற்றும் வண்டிக்குள் விடுமுறை நாளில் இதனைத் தூக்கி வைத்தால் இருக்கையும் படுக்கையும் அலமாரியும் வந்துவிடும். திங்கட்கிழமை காலையில் எடுத்துவிடலாம். பின்னர் முழுவதும் மரவேலை செய்த வண்டிகளும், கூரை உயர்ந்து திறக்கும் வண்டிகளும் வந்தன. இங்கிலாந்திலும் சிட்மத், ஃபோக்ஸ்டன் போன்ற ஊர்களின் தொழிற்கூடங்கள் இவ்வேலையை மேற்கொண்டன. ஃபோக்ஸ்டனில் செய்த ‘டார்மொபைல்’ என்னும் பெயர், அந்நாட்டு மக்கள் பேச்சில் காம்பர் வண்டி அனைத்திற்குமே பொதுப்பெயர்போல ஆகிவிட்டது.

இனி லண்டனுக்கு வருவோம். அங்கே ஸ்ட்ராண்டு வீதியின் முனையில் ஆஸ்திரேலிய மாளிகை என்ற பெரிய கட்டடம் உள்ளது. 1960-களிலும் 1970-களிலும் அதனைச் சுற்றிய வீதிகள் பழைய காம்பர் வண்டிகளின் சந்தையாக விளங்கின. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய இளைஞர்கள் கோடைத் தொடக்கத்தில் அங்கே ஒரு வண்டியை வாங்குவர். ஐரோப்பா முழுவதும் சுற்றுவர். இலையுதிர் காலத்தில் அதே வீதிக்குத் திரும்பி வந்து, அடுத்த கப்பலில் வந்தவர்களுக்கு விற்றுவிடுவர். கடையில்லை, தரகனில்லை, கணக்குப்பிள்ளையில்லை. கண்ணாடியில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதமே விளம்பரம். பிற்காலத்தில் அச்சந்தை வடக்கே இஸ்லிங்டன் பகுதியின் மார்க்கெட் ரோடு என்னும் வீதிக்குப் பெயர்ந்தது.

விற்பவன் ஊருக்குத் திரும்பப் பயணச்சீட்டு எடுத்துவிட்டான். வாங்குபவனோ புறப்படத் துடிக்கிறான். இருவருக்கும் அவசரம். இத்தகைய வியாபாரத்தில் உண்மை பேசுவதற்குத் தனித்த மன உறுதி வேண்டும். ஆகையால் வாங்குபவன் தன் கண்ணையே நம்ப வேண்டியிருந்தது.

அவன் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அன்று; அடித்தகட்டை. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் சக்கர வளைவுகளிலும், கதவுகளின் கீழுள்ள விளிம்புகளிலும், முன்புறத் தரையிலும், பாட்டரி வைக்கும் தட்டிலும் தேங்கித் தகட்டை அரித்துவிடும். விற்பவன் அவ்வோட்டைகளைப் பசையால் அடைத்து மேலே வண்ணம் தீட்டியிருப்பான். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சிறிய காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் இரும்பில் ஒட்டும், பசையில் ஒட்டாது. இதைவிட எளிய சோதனையை எந்த நிபுணரும் கண்டுபிடித்ததாக நாம் அறியோம்.

அரசாங்கச் சோதனையும் ஒன்று இருந்தது. 1960-ஆம் ஆண்டில் பிரிட்டன் பழைய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனையை ஏற்படுத்தியது. முதலில் பத்து ஆண்டு கடந்தவற்றுக்கு மட்டும் இருந்த அவ்விதி, 1967-க்குள் மூன்று ஆண்டு கடந்தவற்றுக்கும் ஆயிற்று. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றையுமே அச்சோதனை தொடக்கத்தில் நாடியது. சான்றிதழ் கையில் இருக்கிறதென்று நம்பி வாங்கியவன், தகட்டின் நிலையைத் தானேதான் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது இயந்திரம். அது நான்கு சிலிண்டர் கொண்டது. எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி, காற்று செல்லும் வழியை ஓரளவு மறித்து நின்றமையால், பல ஆண்டுகளின் வண்டிகளில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் காற்று குறைந்தது. அதிக வெப்பத்தால் அதன் வால்வு முறிவது இவ்வியந்திரத்தின் பிறவி நோய். பெட்ரோல் குழாய் மற்றொன்று. ரப்பர் வெடித்துச் சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டி முழுதும் எரிந்துவிடும். அவ்வாறு எரிந்தவை பல. சில காசு பெறும் குழாயைப் புதிதாக மாற்றாமல் பதினாயிரம் கிலோமீட்டர்ப் பயணம் புறப்பட்டவர்களை என்னென்பது!

மூன்றாவது பத்திரம். பழைய முறையில் பிரிட்டிஷ் வண்டிகளின் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டு, வண்டியோடே கைமாறி வரும். 1974-க்குப்பின் வேறு முறை வந்தது. அப்பழைய புத்தகத்தைப் புரட்டினால் இரண்டு கோடைக்குள் எத்தனை பேர் இதைக் கைகழுவினர் என்பது தெரிந்துவிடும். நம்மூரில் வீட்டுக்கு வில்லங்கம் பார்ப்பதற்கு இது நிகர்.

இவ்வாறு வாங்கிய வண்டியில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர்கள் இஸ்தான்புல்லில் கூடினர். 1973-இல் பாஸ்பரஸ் ஜலசந்திக்குப் பாலம் வரும்வரை படகில் ஏற்றியே ஆசியக் கரையை அடைய வேண்டியிருந்தது. பின் எர்ஸுரம், டெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தஹார், காபூல். கைபர் கணவாய் வழியே பெஷாவர், லாகூர், அம்ரித்சர், தில்லி. ஆப்கானிஸ்தானத்தின் நெடுஞ்சாலைகள் 1960-களில் நன்றாக அமைந்துவிட்டன. ஹெராத்–காந்தஹார் சாலையை ரஷ்யரும், காந்தஹார்–காபூல் சாலையை அமெரிக்கரும் போட்டுக் கொடுத்தனர். வல்லரசுகளின் போட்டியால் துருப்பிடித்த வண்டிக்காரர் பயனடைந்தார் என்பது சரித்திரத்தின் ஒரு வேடிக்கை.

டோனி வீலர், மோரீன் வீலர் என்ற இளந்தம்பதியர் 1972-இல் லண்டனில் 65 பவுனுக்கு ஆஸ்டின் கம்பெனியின் பழைய சிறு வேன் ஒன்றை வாங்கி இவ்வழியே வந்தனர். காபூலில் அதனைச் சிறிது இலாபத்துக்கே விற்றுவிட்டு மேற்கொண்டு சென்றனர். அவர்கள் 1973-இல் வெளியிட்ட சிறு வழிகாட்டி நூலிலிருந்தே ‘லோன்லி பிளானட்’ என்னும் பதிப்பகம் பிறந்தது.

காபூலில் விற்றது அவர்கள் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்பது நம் கருத்து. ஏனெனில் இந்தியாவுக்குள் வந்த வண்டியை இங்கே விற்றுவிட்டுப் போக முடியாது. அந்நிய வண்டிகள் ‘கார்னே’ என்னும் சுங்கப் புத்தகத்தோடே உள்ளே வர வேண்டும். அதன் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாகப் பிரியும்: ஒன்று நுழைவுக்கு, ஒன்று வெளியேற்றத்துக்கு, ஒன்று அடிக்கட்டை. வண்டி வெளியேறியதற்கு முத்திரை விழாவிட்டால், சுங்க இலாகா தீர்வை முழுவதையும் கேட்கும். புத்தகம் வழங்கிய மோட்டார் சங்கம் அதனைக் கட்டிவிட்டு, வண்டிக்காரர் வைத்த பாங்க் ஜாமீனில் பிடித்துக்கொள்ளும். லண்டனில் சில பத்து பவுன் பெற்ற வண்டிக்கு இங்கே அதைவிடப் பன்மடங்கு தீர்வை கட்ட நேரலாம்.

தில்லியில் நின்றுபோன வண்டியின் உரிமையாளர் நிலையை எண்ணிப் பாருங்கள். அம்பாஸடரும் பியட்டும் ஓடிய நாட்டில் வோக்ஸ்வாகனின் வால்வு எங்கே கிடைக்கும்? காஷ்மீரி கேட் கடைவீதியில் தேடலாம். நம்மூர் மெக்கானிக் ஒருவர் கடைந்து பொருத்திக் கொடுக்கவும் கூடும். அதுவும் இயலாவிடில், விற்கவும் முடியாது, விட்டுச்செல்லவும் முடியாது, ஓட்டவும் முடியாது. வீதியோரத்தில் வாரக்கணக்காக நின்ற வண்டிகளைப் பார்த்து, இவர்களுக்கு வேறு வேலையில்லை என்று நாம் பேசிக்கொண்டோம். பத்திரத்தில் மாட்டிக்கொண்டு நின்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பர் என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

1979-ஆம் ஆண்டு இவ்வழியை அடைத்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஈரானில் புரட்சி. முடிவில் ஆப்கானிஸ்தானத்தில் ரஷ்யப் படை. அவ்வாண்டிலேயே ஹானோவர் தொழிற்சாலை இரண்டாம் தலைமுறை வண்டியின் உற்பத்தியை நிறுத்தி மூன்றாம் தலைமுறைக்கு மாறியது. பிரேஸில் நாட்டில் மட்டும் பழைய உருவம் 2013 இறுதிவரை உற்பத்தியாயிற்று. இங்கிலாந்தில் அப்பிரேஸில் வண்டிகளையும் இறக்குமதி செய்து காம்பர்களாக்கி விற்றனர். ஆகவே, இன்று பழைய வண்டி தேடுவோர் முதலில் கேட்கும் கேள்வி, இது ஐரோப்பாவில் செய்ததா என்பதே. விடை அடிச்சட்ட எண்ணில் இருக்கிறது. 1964 ஆகஸ்டுக்குப் பின்வந்த ஜெர்மானிய வண்டிகளில் அவ்வெண் தொடக்கத்தில் ஒன்பது இலக்கம் கொண்டிருந்தது. முதல் இரண்டு இலக்கம் வண்டியின் வகை. 21 என்றால் சரக்கு வண்டி, 22 என்றால் பயணிகள் வண்டி, 23 என்றால் இரண்டுக்கும் பொதுவான கோம்பி. மூன்றாவது இலக்கம் மாதிரி ஆண்டைக் குறிக்கும். சன்னல் வெட்டி மெத்தை போட்டு, தொடக்கத்திலிருந்தே காம்பர் என்று ஒருவர் விற்க, எண்ணோ 21 என்று தொடங்கினால், அவ்வண்டி ஒரு காலத்தில் ரொட்டி சுமந்திருக்கக் கூடும்.

விலையும் தலைகீழாயிற்று. 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், 1963-ஆம் ஆண்டின் இருபத்துமூன்று சன்னல் வண்டி ஒன்று இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அவ்விலை கொடுத்து வாங்குபவர் அதனை எர்ஸுரம் மலைப்பாதையில் ஓட்டப் போவதில்லை. கம்பளி போர்த்திக் கொட்டகையில் வைப்பார். ஐரோப்பாவிலிருந்து தரைவழியே வண்டி ஓட்டி வருகிறவர்கள் இன்றும் சிலர் இருக்கின்றனர். நம் நாட்டுச் சுங்கச் சாவடிக்கு வரும் அவர்கள் கையில் இன்றும் மூன்று பகுதியாய்க் கிழியும் அந்தக் கார்னே புத்தகம் இருந்தாக வேண்டும்.