மேனியில் எழுதிய கவிதை

தமிழில் ‘எழுதுதல்’ என்னும் சொல் ஏட்டில் எழுதுவதையும் குறிக்கும். ஓவியம் தீட்டுவதையும் குறிக்கும். மகளிர் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு கோலமிடுவதைத் ‘தொய்யில் எழுதுதல்’ என்றே பண்டைப் புலவர் வழங்கினர். ஆதலின் மேனியை ஏடாகக் கொள்ளும் கலை நமக்குப் புதிதன்று. ஆயினும், அவ்வேட்டில் கோலத்திற்கு மாற்றாகக் கவிஞரின் வரிகளையே எழுதி, அதனால் புகழும் பழியும் ஒருங்கே எய்தியவர் ஈரானிய நாட்டுக் கலைஞர் ஷிரின் நெஷாத். கவிதையன்பர்கள் அறிய வேண்டிய வரலாறு அவருடையது.

1957இல் காஸ்வின் நகரில் பிறந்த நெஷாத், பதினேழாம் வயதில் கல்வி பெறும் பொருட்டு அமெரிக்கா சென்றார். அவர் அங்கிருந்த காலத்திலேயே 1979இன் புரட்சி நிகழ்ந்தது. பிறந்த மண்ணை அவர் மீண்டும் கண்டது 1990இல்தான். விட்டுச் சென்ற நாடு வேறு. கண்ட நாடு வேறு. தெருவெங்கும் கருந்துகில் போர்த்திய பெண்கள். சுவரெங்கும் போரில் மாண்ட தியாகியரின் உருவங்கள். கலைக்கல்வி முடித்தும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தமக்கென எதையும் படைக்காதிருந்த அவரை மீண்டும் கலைக்கு இழுத்து வந்தது இவ்வதிர்ச்சியே. 1993இல் நியூயார்க்கில் முதற்காட்சி நடைபெற்றது. 1997 வரை தொடர்ந்த அவ்வரிசைக்கு ‘அல்லாஹ்வின் பெண்கள்’ என்பது பெயர்.

இப்படங்கள் தனியொருவர் கைவண்ணம் அல்ல. நெஷாத் ஒளிப்படக்கலை பயின்றவர் அல்லர். காட்சியை வகுப்பதும், பல படங்களில் துகில் போர்த்துத் தாமே முன்னிற்பதும் அவர் பணி. கருவியை இயக்கியவர்கள் சிந்தியா பிரெஸ்டன், லாரி பார்ன்ஸ் முதலிய ஒளிப்படக் கலைஞர்கள். படம் தாளில் பதிந்த பின்னரே எழுத்து வரும். முகம், உள்ளங்கை, பாதம் எனத் துகில் மறைக்காத இடங்களில் மட்டும், மையினால் பாரசீக எழுத்துகளை நெஷாத் தம் கையாலேயே எழுதுவார். பார்ப்போருக்கு அவை தோலிலேயே எழுதப்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் அவை படத்தின் மேல் எழுதப்பட்டவை. இவ்வேறுபாடு சிறிதெனினும் புறக்கணிக்கத் தக்கதன்று. மேனியில் தீட்டிய வண்ணம் நீர்பட்டால் நீங்கும். படத்தில் எழுதியது நிலைத்துவிடும்.

‘கிளர்ச்சி மிக்க மௌனம்’ என்னும் 1994ஆம் ஆண்டுப் படத்தில் துப்பாக்கியின் குழல் முகத்தைச் செங்குத்தாக இரண்டாகப் பிளக்கிறது. முகம் முழுவதும் எழுத்து. வேறொன்றில் ஒரு பெண்ணின் இரு பாதங்கள் மட்டுமே தெரிகின்றன. அவற்றின் இடையே துப்பாக்கியின் வாய். ‘அர்ப்பணித்த கண்கள்’ என்பதில் கருவிழியைச் சூழ்ந்த வெண்மையில் வரிகள் வட்டமிட்டுச் செல்கின்றன.

அவ்வரிகள் யாருடையவை? விழியைச் சுற்றியவை ஃபொரூக் ஃபரோக்ஸாத் எழுதியவை. யாரும் பேணாமல் அழிந்து வரும் வீட்டுத் தோட்டத்திற்காக வருந்தும் கவிதை அது. பெண்ணின் வேட்கையை மறைவின்றிப் பாடியமைக்காக வாழ்ந்த காலத்திலேயே ஏசப்பட்டு, 1967இல் முப்பத்திரண்டாம் வயதில் சாலை விபத்தில் மாண்டவர் அவர். பாதங்களில் எழுதப்பட்டவையோ தாஹிரே சஃபார்ஸாதேயின் வரிகள். அவரும் பெண்பாற் கவிஞரே, அமெரிக்காவில் பயின்றவரே, ஆயின் புரட்சியை வாழ்த்திப் பாடியவர், பிற்காலத்தில் குர்ஆனை மொழிபெயர்த்தவர். ஒரே மொழியின் இரு முரண்பட்ட குரல்களை நெஷாத் ஒரே கருந்துகிலின் கீழ் நிறுத்தினார்.

கண்டனங்கள் எழக் காலதாமதம் ஆகவில்லை. மேலைநாட்டுப் பார்வையாளருட் பலர் பாரசீகம் அறியாதவர்கள். எழுத்தைக் கண்டதும் குர்ஆன் வசனமென்றே கொண்டனர். தோட்டத்திற்காக அழும் கவிதை அவர்கள் கண்ணில் மறைச் சட்டமாயிற்று. கீழைநாட்டுப் பெண்ணைத் துகிலும் துப்பாக்கியுமாகக் காட்டி மேலைநாட்டார் விரும்பும் அச்சத்தையே விற்கிறார் என்றனர் வேறு சிலர். புலம்பெயர்ந்த ஈரானியர் சிலருக்கு ஐயம் நேர்மாறானது: தங்களை நாடிழக்கச் செய்த புரட்சியை இவர் அழகுபடுத்துகிறாரோ என்பது. படிக்கத் தெரிந்த மக்கள் வாழ்ந்த ஈரானிலோ இப்படங்களை வெளிப்படையாகக் காட்சிக்கு வைக்க வழியில்லை. எனவே படிக்க வல்லோருட் பெரும்பாலோர் காணவில்லை. கண்டோருட் பெரும்பாலோர் படிக்கவில்லை.

இக்கண்டனங்களுள் முதலாவதற்குப் பொறுப்பு பார்த்தவருடையது மட்டுமன்று. வரிகளின் பொருளைப் படத்தின் அருகிலேயே எல்லோரும் காண வைத்திருந்தால் குழப்பம் பெருமளவு தவிர்ந்திருக்கும். எழுத்தின் அழகு பொருளை விழுங்க இடங்கொடுத்தது கலைஞரின் குறையே. எவரும் உரக்கக் கேளாத வினா ஒன்றும் உண்டு. புரட்சிக்குப் பன்னிரண்டாண்டுகளுக்கு முன்பே மறைந்த ஃபரோக்ஸாத்தின் வரிகளை இத்தகைய படங்களின் மேல் எழுத யாருக்கு உரிமை? அவர் இசைந்திருப்பாரா? கவிஞர்க்கு இதைவிட நெருங்கிய வினா வேறில்லை. ஆயின், அக்கவிஞரின் நூல்கள் தணிக்கைக்கு உட்பட்ட காலத்தில் அவர் குரலை உலகக் காட்சிக்கூடங்களுக்குக் கொண்டு சென்றவையும் இப்படங்களே என்பதை மறுக்கவியலாது.

நெஷாத் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. நெடுங்காலம் அயலில் வாழ்ந்தவளின் வினாக்களே இப்படங்கள், தீர்ப்புகள் அல்ல என்று நேர்காணல்களில் விளக்கினார். பின்னர் அவ்வரிசையையே நிறுத்தினார். 1998இல் ‘கொந்தளிப்பு’ என்னும் அசையும்படம் வந்தது. எதிரெதிரே இரு திரைகள். ஒன்றில் ஆடவன் நிறைந்த அவைக்கு ரூமியின் கவிதையைப் பாடுகிறான். மற்றதில் வெற்று நாற்காலிகளின் முன் ஒரு பெண் சொற்களே இல்லாமல் பாடுகிறாள். அப்பாட்டைப் பிழைபடப் படிக்க அதில் எழுத்தே இல்லை! கண்டனத்திற்கு இதனினும் கூரிய மறுமொழியை அவர் அளித்ததில்லை எனலாம். மறு ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் அவருக்குத் தங்கச் சிங்கப் பரிசு கிடைத்தது.

மேனியெழுத்தை அவர் முற்றிலும் கைவிட்டாரில்லை. 2012இல் ‘அரசர்களின் நூல்’ என்னும் வரிசையை லாரி பார்ன்ஸுடன் இணைந்து படைத்தார். இம்முறை துப்பாக்கி இல்லை. ஈரானிய, அரபு இளைஞர்களின் முகங்களில் கவிதைகள். சில ஆடவரின் வெற்றுடம்பில் ‘ஷாநாமா’ காப்பியத்தின் போர்க்காட்சிகள் ஓவியமாகவே எழுதப்பட்டன. குருதி மட்டும் செந்நிறம். 2013இல் இருவரும் கெய்ரோ சென்றனர். எகிப்தியப் புரட்சியின் பின் நொந்திருந்த முதியோர் ஒளிப்படக் கருவியின் முன் அமர்ந்தனர். அவர்கள் முகங்களின் மேல் நெஷாத் எழுதிய பாரசீக எழுத்து மிக நுண்ணியது. சற்றே விலகி நின்றால் அது முதுமையின் சுருக்கமாகவே தோன்றும். எழுத்து இருப்பதை அறியவே பார்ப்பவர் படத்தின் அருகே செல்ல வேண்டியிருந்தது.