மிகைப்பற்றின் விலை: சிங்கப்பூர்க் கிட்டங்கி முதல் வங்கிக் கணக்கு வரை

முன்னுரை

வங்கிக் கணக்கிலுள்ள இருப்பைக் காட்டிலும் மிகுதியாகப் பணம் எடுப்பதை மிகைப்பற்று என்கிறோம். தமிழ்நாட்டு வணிகவியல் பாடநூல்கள் இதனை மேல்வரைப்பற்று என்றும், இலங்கை நூல்கள் மேலதிகப்பற்று என்றும் குறிக்கின்றன. மூன்று சொற்களிலும் நிலைத்து நிற்பது 'பற்று' என்னும் பேரேட்டுச் சொல்லாகும். அது வங்கிகள் தந்த சொல்லன்று. பற்று வரவு எழுதிய வணிகர்களின் வழக்கிலிருந்து வங்கியியல் எடுத்துக்கொண்ட சொல்.

சம்பளம் வந்து சேருமுன் மாதத் தவணை கழிக்கப்பட்டு, வட்டியும் கட்டணமும் ஏறிய கணக்கறிக்கையைக் காணும் ஒருவர், இத்தொகையை யார் தீர்மானித்தார் என்று வினவுவது இயல்பு. இவ்வினாவுக்குச் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் ஒரு முன்கதை உண்டு. அதனை நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மிகைப்பற்றின் விலை வட்டி மட்டுமன்று. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும் என்னும் நிபந்தனையே அதன் பெரிய விலை என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

கிட்டங்கியும் நடப்பு வட்டியும்

மிகைப்பற்றின் தொடக்கத்தை வங்கி வரலாறு ஸ்காட்லாந்தில் காண்கிறது. 1728இல் எடின்பரோ வணிகர் வில்லியம் ஹாக் என்பவருக்குத் தம் கணக்கில் உள்ளதைவிட 1,000 பவுன் மிகுதியாக எடுத்துக்கொள்ள ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இசைவளித்தது. சரக்கு விற்றுப் பணம் வருமுன் கடனை அடைக்க வேண்டிய வணிகனின் இடைவெளியை நிரப்புவதே அதன் நோக்கம்.

அதே இடைவெளியைச் சிங்கப்பூரில் நிரப்பியோருள் நகரத்தார் முதன்மையானோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கு வந்த அவர்கள், 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை அமைத்தனர். அவர்களின் தொழிலிடம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள். ஒரே நீண்ட கூடத்தில் பல விலாசங்களின் மேலாட்கள் தத்தம் கைமேசைக்கும் பெட்டகத்திற்கும் முன் தரையில் அமர்ந்திருப்பர். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் உடனிருந்து தொழில் பழகுவர். மேலாள் ஊரிலுள்ள முதலாளிக்கு ஐந்தொகை அனுப்பியாக வேண்டும்.

இம்முறையில் பணத்தின் விலைக்கு ஒரு பொது அளவு இருந்தது. அதுவே நடப்பு வட்டி. நகரத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட கணக்குகளுக்கு உரிய இவ்வீதம் மாதந்தோறும் கூடிப் பேசி முடிவு செய்யப்பட்டது. இரங்கூனில் இக்கூட்டம் கோயிலிலேயே நடைபெற்றது. குறித்த காலத்திற்கு இடப்பட்ட பணத்திற்குத் தவணை வட்டி. கேட்டவுடன் தரவேண்டியதற்கு நடப்பு வட்டி. வட்டி வீதம் ஒருவரது தனி விருப்பாக அன்றி, அனைவரும் அறிந்த சந்தை அளவாக இருந்தமை நோக்கத்தக்கது. எனினும் அக்கூட்டத்தில் அமர்ந்தோர் பணம் உடையோரே. கடன்பட்ட தோட்டக்காரருக்கும் சில்லறை வணிகருக்கும் அங்கு இடமில்லை; அவர்கள் கொடுத்த வட்டியும் நடப்பு வட்டியைவிட மிகுதியானது.

வங்கியிடம் கடன்பட்ட வட்டிக்கடை

கடன் கொடுத்தவர்களே மிகைப்பற்றுப் பெற்றவர்களாகவும் இருந்தனர். சார்ட்டர்ட் வங்கி 1859இலும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1877இலும் சிங்கப்பூரில் கிளை தொடங்கின. ஏற்றுமதி இறக்குமதி உண்டியல்களையே பெரிதும் நாடிய இவ்வகை வங்கிகள், சிறு வணிகர்களை நேரடியாக அறியா. நகரத்தாரின் கையொப்பத்தை நம்பி அவர்களுக்குக் கடன் வரம்பு அளித்தன. நகரத்தார் அப்பணத்தைத் தம் பணத்தோடு சேர்த்து வெளியே கொடுத்தனர்.

இத்தொடர்பின் விரிவான பதிவு பர்மாவைப் பற்றிக் கிடைக்கிறது. அதே சமூகம், அதே கணக்கு முறை என்பதால் அது சிங்கப்பூருக்கும் ஒளி தருகிறது. 1929–30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு நகரத்தார் ஈடுபடுத்திய மூலதனத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி சொந்தப் பணம். வங்கிகளின் பங்கு சிறிதே. ஆயினும் அச்சிறு பங்கு முதல்தர விலாசங்கள் சிலவற்றின் வழியாகவே ஏனையோரை அடைந்தது. எனவே வங்கி கையை இறுக்கினால் அவ்விறுக்கம் படிப்படியாகக் கடைசிக் கடனாளி வரை சென்றது.

பெருமந்தக் காலத்தில் அதுவே நிகழ்ந்தது. நெல் விலையும் ரப்பர் விலையும் வீழ, வங்கிகள் வரம்பைச் சுருக்கின. நகரத்தார் தம் கடனாளிகளை நெருக்கினர். பணமில்லாதவர் நிலத்தைக் கொடுத்தனர். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தாரின் நிலவுடைமை, 1930களின் பிற்பகுதியில் 25 விழுக்காடாயிற்று. மலாயாவில் 1933ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டம், ஒதுக்கப்பட்ட நிலத்தை மலாயர் அல்லாதாரிடம் அடகு வைப்பதைத் தடுத்தது. வட்டி வீதம் எவரையும் ஒரே நாளில் வீழ்த்தவில்லை. 'இன்றே கொடு' என்னும் சொல்லே வீழ்த்தியது.

இப்பட்டறிவுக்குப் பின் நகரத்தார் சிலர் வங்கித் தொழிலில் நேரடியாக இறங்கினர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. சிங்கப்பூருக்கும் விரைவில் வந்தது. 1907இல் தோன்றிய இந்தியன் வங்கி 1941இல் இங்குக் கிளை தொடங்கியது.

சட்டம் வகுத்த எல்லை

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. அங்கு இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. கூட்டத்தார் வகுத்த வீதத்தின் இடத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 2015 அக்டோபர் முதல் சிங்கப்பூரின் உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கலாகாது. தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்கு மேற்படலாகாது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலை விஞ்சலாகாது. இறுதி விதி, வட்டி அசலுக்கு மேல் வளரலாகாது என்னும் 'தாம்துபட்' என்ற பழைய இந்து சட்ட நெறியை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டெனக் கொள்ள வேண்டியதில்லை. கடன் எங்கு நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு இரு காலங்கள் தந்த ஒத்த விடை எனலாம்.

ஆனால் இவ்வரம்புகள் வங்கிகளைக் கட்டுப்படுத்தா. வங்கியோடு ஏற்படும் பூசல்களைத் தீர்க்க 2005இல் நிதித்துறைப் பூசல் தீர்வு மையம் தொடங்கப்பட்டது. தவறாக விதிக்கப்பட்ட கட்டணத்தைப் பற்றி அங்கு முறையிடலாம். வீதமும் கட்டண அளவும் வங்கியின் வணிக முடிவு எனக் கருதப்படுவதால் அவை அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. விலையை வகுக்கும் கூட்டத்தில் கடன்பட்டவருக்கு இடமில்லை என்ற பழைய நிலை முற்றிலும் மாறிவிடவில்லை.

முடிவுரை

கிட்டங்கிக் காலத்தைப் பொற்காலமாகப் போற்றவும் வேண்டா. வட்டிக்கடை என்று ஒதுக்கவும் வேண்டா. அதன் வரலாறு மிகைப்பற்றுக் கணக்குடைய எவருக்கும் இரு கேள்விகளைக் கற்பிக்கிறது. இருப்பு தீர்ந்த பின் எடுக்கும் பணத்திற்கு என்ன விலை? அதனைத் திருப்பிக் கேட்கும் உரிமை யாரிடம், எவ்வளவு நாள் அவகாசத்தோடு உள்ளது? முதற் கேள்விக்குக் கட்டணப் பட்டியல் விடை சொல்லும். இரண்டாவதற்கு ஒப்பந்தத்தைப் படித்தாக வேண்டும். 1930களில் நிலம் இழந்த கடனாளியும், அவரிடம் நிலத்தைப் பெற்ற மேலாளும் அவ்விரண்டாவது கேள்வியின் விடையைக் காலம் கடந்தே அறிந்தனர்.