இன்சூரன்ஸ் கம்பெனி கையில் ஒரு வீடியோ கேம்

ஸ்டீம், ஜி.ஓ.ஜி மாதிரி டிஜிட்டல் கடைகளில் பழைய கேம்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி கண்டிப்பா வந்திருக்கும். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தைய கேம். மொத்தமே ஒரு சிடி, இரண்டு சிடி அளவுதான். அதை அப்லோட் பண்ணி விலை போட்டு விற்க என்ன கஷ்டம்? ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாக வருது?

தொழில்நுட்பம்தான் தடையா இருக்கும்னு முதலில் தோணும். என்னை மாதிரி கோட் எழுதிப் பிழைக்கிறவங்களுக்கு வேற எப்படித் தோணும்? ஆனால் தோண்டிப் பார்த்தால் கோட் இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை பத்திரம். மனை வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கம் என்று அலைவோமே, அதே கதை.

'சிஸ்டம் ஷாக் 2' 1999-இல் வந்தது. லுக்கிங் கிளாஸ், இர்ரேஷனல் என்ற இரண்டு ஸ்டுடியோக்கள் சேர்ந்து செய்தார்கள். வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், விற்பனை என்னவோ சுமார்தான். 2000 மே மாதம் லுக்கிங் கிளாஸை இழுத்து மூடிவிட்டார்கள். அதன் சொத்துகள் கைமாறியதில் கேமின் பதிப்புரிமை போய்ச் சேர்ந்த இடம் ஸ்டார் இன்சூரன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம்! பெயருக்கான டிரேட்மார்க் மட்டும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. அதாவது வீடு ஒருத்தர் பேரில், வாசல் இன்னொருத்தர் பேரில். பத்து வருஷத்துக்கு மேல் அந்த கேம் எந்த டிஜிட்டல் கடையிலும் வரவில்லை.

2012-இல் ஸ்டீஃபன் கிக் என்பவர் கேம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மத்திய அமெரிக்காவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் இந்த கேமை விளையாடலாம் என்று தேடினால் வாங்கவே வழியில்லை. உரிமை யாரிடம் என்று விசாரித்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதிப் பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் நைட்டைவ் ஸ்டுடியோஸ். 2013 பிப்ரவரியில் கேம் ஜி.ஓ.ஜி-க்கு வந்துவிட்டது. அதே சமயத்தில் இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்தது. 2012-இல் பெயர் தெரியாத யாரோ ஒருவர் அந்த கேமின் எஞ்சினைப் புதிய விண்டோஸில் ஓடவைக்கும் பேட்ச் ஒன்றை இணையத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார். இன்றுவரை அவர் தன் நிஜப் பெயரோடு வெளியே வரவில்லை.

சரி, இது நல்லபடியா முடிந்த கதை. அதே நைட்டைவ் தோற்ற கதையும் ஒண்ணு இருக்கு.

'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்', 2000-இல் வந்த உளவாளி கேம். கேட் ஆர்ச்சர் என்ற பெண் உளவாளிதான் நாயகி. அறுபதுகளின் ஜேம்ஸ் பாண்ட் படங்களைச் செல்லமாகக் கிண்டல் செய்யும். செய்தது மோனோலித், வெளியிட்டது ஃபாக்ஸ் இன்டராக்டிவ். பிறகு ஃபாக்ஸ் இன்டராக்டிவ் 2003-இல் விவெண்டியிடம் போனது. மோனோலித்தை 2004-இல் வார்னர் பிரதர்ஸ் வாங்கியது. விவெண்டியின் கேம் பிரிவு 2008-இல் ஆக்டிவிஷனோடு இணைந்தது. ஆக, ஃபாக்ஸ், வார்னர், ஆக்டிவிஷன் என்று மூன்று பங்காளிகள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. 2014 வாக்கில் நைட்டைவ் மூவரின் வாசலையும் தட்டியது. கிக் பிறகு சொன்னதன் சாரம் இதுதான்: ஒப்பந்தம் டிஜிட்டலுக்கு முந்தைய காகிதம், எங்கேயோ ஒரு பெட்டியில் கிடக்கலாம், அதைத் தேட அவர்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அனுமதியில்லாமல் வெளியிட்டால் மட்டும் வழக்கு வரும்.

கேட்கும்போது கோபம் வருது இல்லையா? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. வக்கீல் வைத்து அந்தப் பெட்டியைத் திறக்க ஆகும் செலவு, பழைய கேமை ஐந்து, பத்து டாலருக்கு விற்று வரும் வரவை விழுங்கிவிடும். பெரிய கம்பெனிக்கு அந்தக் காசு ஒரு பொருட்டே இல்லை. சும்மா இருந்தால் நஷ்டமில்லை, கை வைத்தால் ரிஸ்க். யாரும் வில்லன் இல்லாமலே கேம் சாகிறது. இப்போது ஃபாக்ஸின் பெரும்பகுதி டிஸ்னியிடம், ஆக்டிவிஷன் மைக்ரோசாஃப்டிடம். பங்காளிகள் இன்னும் பெரிசாகிவிட்டார்கள். 2025-இல் மோனோலித்தையே வார்னர் மூடிவிட்டது.

பாட்டு உரிமை தனித் தலைவலி. 'ஆலன் வேக்' 2017-இல் பாட்டு லைசன்ஸ் முடிந்ததால் கடைகளிலிருந்து இறங்கி அடுத்த வருஷம்தான் திரும்பியது. 'கோல்டன்ஐ 007' கதையும் நீளம்: செய்த ஸ்டுடியோ மைக்ரோசாஃப்டிடம், முதலில் வெளியிட்டது நின்டெண்டோ, பாண்ட் உரிமை வேறு ஆட்களிடம். 1997 கேம், 2023-இல் திரும்பி வந்தது.

இனி கோட். 'சைலன்ட் ஹில்' பழைய கேம்களை 2012-இல் எச்.டி. தொகுப்பாகப் போட்டபோது கொனாமியிடம் இறுதி சோர்ஸ் கோட் இல்லை. அரைகுறைப் பதிப்பை வைத்து, அன்று ஒருமுறை சரிசெய்த பிழைகளையே மறுபடி சரிசெய்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எட்டு வருஷப் பழைய மென்பொருளை மறுபடி பில்ட் பண்ண வேண்டி வந்தது. சோர்ஸ் இருந்தது, எந்த கம்பைலரில் பண்ணினாங்கன்னு சொல்ல ஆளில்லை. மூணு வாரம் போச்சு.

சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இன்னொரு கூத்து. திருட்டு நகலைத் தடுக்க சிடியில் போட்டது. அதன் டிரைவர் பாதுகாப்பு ஆபத்து என்று 2015-இல் விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. காசு கொடுத்து அசல் சிடி வாங்கினவர் விழிக்கிறார். பூட்டு உடைத்த நகல் வைத்திருப்பவர் ஜாலியாக விளையாடுகிறார்.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. நூலகங்களில் இருக்கும் அந்த மாதிரி கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். மறுவெளியீட்டுச் சந்தை பாதிக்கும் என்று கேம் கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. நூற்றுக்கு 87 சரக்கு கடையிலேயே இல்லாதபோது எந்தச் சந்தை என்று எனக்குப் புரியவில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கோரிக்கையை நிராகரித்தது. புத்தகம், சினிமா ஆய்வாளர் வீட்டிலிருந்தே பலதைப் பார்த்துவிடலாம். அந்த கேம்களைப் படிக்க நினைப்பவர் இன்னும் ரயிலோ விமானமோ ஏறி நூலகத்துக்கு நேரில்தான் போகணும்.