மடிப்பும் கருத்தும்: தளர்நடைப் பருவக் கற்றலில் பாப்-அப் தேவதைக் கதைகள்

முன்னுரை

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை படத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. தடவும், இழுக்கும், கடிக்கும். விரித்ததும் வீடும் மரமும் எழுந்து நிற்கும் பாப்-அப் புத்தகம் இந்த இயல்புக்கு ஏற்றது. ஆனால், கதையின் கருத்தைக் காகித மடிப்பே செய்துகாட்டும்போதுதான் அது கற்பிக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. வரலாறு

பாப்-அப் உள்ளிட்ட அசையும் நூல்கள் முதலில் பெரியவர்களுக்காகவே தோன்றின. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், மடலைத் தூக்கினால் உள்ளுறுப்புகள் தெரியும் உடற்கூற்றுப் படங்கள் அச்சாயின. 19ஆம் நூற்றாண்டில் லண்டனின் டீன் அண்ட் சன் பதிப்பகமும், மியூனிக் ஓவியர் லோதர் மெகன்டார்ஃபரும் இவ்வுத்தியைச் சிறுவர் நூல்களில் வளர்த்தனர். 1950களின் பிற்பகுதியிலிருந்து, கட்டடக்கலை பயின்ற செக் ஓவியர் வோய்டியெக் குபாஷ்டா, சிண்ட்ரெல்லா போன்ற கதைகளை வெட்டி மடித்த அட்டைத்தாளில் அரங்கக் காட்சிகளாக எழுப்பினார்.

2. கதைகள் தரும் கருத்துகள்

2.1 அளவும் இணையும்: ராபர்ட் சதே 1837இல் வெளியிட்ட மூன்று கரடிகள் கதையில் கிண்ணம், நாற்காலி, கட்டில் எல்லாம் மூன்று அளவில் வருகின்றன. அவை மூன்று உயரங்களில் எழும்போது பெரியது, நடுத்தரமானது, சிறியது என்ற வரிசை கண்முன் நிற்கிறது. எந்தக் கிண்ணம் எந்தக் கரடிக்கு என்று பொருத்துவது எண்ணறிவுக்கு அடித்தளம்.

2.2 இடமும் மறைவும்: சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் போர்வை மடலைத் தூக்கினால் ஓநாய் தெரியும். மறைந்த பொருள் இல்லாமற் போவதில்லை என்ற, உளவியலாளர் ழான் பியாஜே விளக்கிய அறிவு இங்கே விளையாட்டாக உறுதிப்படுகிறது. ‘உள்ளே’, ‘அடியில்’ என்ற சொற்களும் விரலசைவோடு சேர்ந்தே பதிகின்றன.

2.3 காரணமும் விளைவும்: மூன்று பன்றிக்குட்டிகள் கதையில் நாடாவை இழுத்தால் வைக்கோல் வீடு சரியலாம், செங்கல் வீடு அசையாமல் நிற்கலாம். ஒரே செயல், வேறு விளைவு.

3. எதிர்ச்சான்று

மேதா டேர், ஜூடி டிலோச் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு எச்சரிக்கை தருகிறது: இழுக்கவும் தூக்கவும் உறுப்புகள் உள்ள நூலைவிட, எளிய படநூலிலிருந்தே குழந்தைகள் நன்கு கற்றனர். புத்தகம் ஒரு பொருள். அதோடு வேறொன்றைச் சுட்டும் குறியீடும் ஆகும். பொருளின் கவர்ச்சி மிகும்போது குறியீடு பின்தங்கிவிடுகிறது.

4. வாசிப்பு முறை

முதல் சில முறை குழந்தை ஆசைதீரத் திறந்து மூடட்டும். புதுமை அடங்கியபின் கதை சொல்லலாம். மடலைத் தூக்குமுன் “உள்ளே யாரு?” என்று கேட்டு, விடைக்குக் காத்திருக்க வேண்டும். “நாய்” என்றால் “நாய் மாதிரிதான் இருக்கு, இது ஓநாய்” என்று விரித்துச் சொல்லலாம். பிறகு வீட்டிலுள்ள மூன்று டம்ளர்களை அடுக்கவைத்தால், கருத்து தாளைவிட்டு வாழ்க்கைக்கு வருகிறது. கிழிந்த துண்டு வாய்க்குள் போகக்கூடும். ஆகையால் பெரியவர் உடனிருப்பது கட்டாயம்.

முடிவுரை

நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: மடிப்பை நீக்கினால் கருத்து குறைகிறதா? குறைந்தால் அந்த நூல் கற்றல் கருவி. குறையாவிட்டால், அதே கதையைச் சாதாரணப் படநூலில், குழந்தையை மடியில் வைத்துச் சொல்வதே சிறந்தது.