காட்டு வழி ஓட்டத்தின் வரலாறு

வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, அறியாத காட்டில் குறித்த இடங்களை வரிசையாகத் தொட்டு விரைந்து முடிக்கும் ஓட்டமே ஓரியன்டீரிங். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காண்டிநேவியப் படைவீரர்களின் பயிற்சியாக இது உருவானது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897இல் நார்வேயில் நடந்தது.

இதை மக்கள் விளையாட்டாக்கியவர் சுவீடனின் ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர். இளைஞர்கள் தடகளத்தில் ஆர்வம் இழப்பதைக் கண்ட அவர், 1919இல் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டியில் 200க்கும் மேற்பட்டோர் ஓடினர். 1930களில் வந்த, திரவம் நிரப்பிய சில்வா திசைகாட்டி, ஓடிக்கொண்டே திசை அறிய உதவியது. 1945இல் சுவீடனில் தியூமிலா, 1949இல் பின்லாந்தில் யூகோலா என்ற இரவுத் தொடர் ஓட்டங்கள் பிறந்தன.

ஓடவும் வழி அறியவும் ஒருசேர வேண்டியிருப்பதால் பயிற்சியும் இரு கிளையாயிற்று: சதுப்பிலும் மேட்டிலும் ஓடும் உடல்வலு ஒன்று, ஓட்டத்தை நிறுத்தாமல் சமஉயரக் கோடுகளைப் படித்து வழி தேரும் மனக்கூர்மை மற்றொன்று. கட்டைவிரலை வரைபடத்தில் தன் இடத்தின்மேல் வைத்து, அதை நகர்த்திக்கொண்டே ஓடுவது அடிப்படைப் பாடம்.

1961இல் சர்வதேச ஓரியன்டீரிங் கூட்டமைப்பு அமைந்தது. 1966இல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸில் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தது. குறித்த இடங்களைத் தொட்டதற்குச் சான்றாக முன்பு காகித அட்டையில் துளையிட்டுப் பதிந்த வருகையை, 1990களிலிருந்து மின்னணுக் கருவிகள் பதிவு செய்கின்றன. வழியைத் தானே தேரும் திறனே இன்றும் வெற்றியைத் தீர்மானிக்கிறது.