19 - 18 : ஒரு ஸ்கோர் ஷீட்டின் கதை

1950 நவம்பர் 22. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு என்.பி.ஏ. பாஸ்கெட்பால் ஆட்டம். 48 நிமிடம் ஆடி முடித்தபோது ஸ்கோர் இதுதான்: ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18.

அச்சுப்பிழை இல்லை. இரண்டு அணிகளும் சேர்ந்தே 37 பாயின்ட்தான்! ஸ்கூல் பசங்க லஞ்ச் இடைவேளையில் ஆடினாலே இதைவிட அதிகம் வரும். என்.பி.ஏ. வரலாற்றில் மிகக் குறைந்த ஸ்கோர் என்ற சாதனை (?) இன்றுவரை இந்த ஆட்டத்துக்குத்தான்.

ஆடியவர்கள் கத்துக்குட்டிகளா என்றால் அதுவும் கிடையாது. லேக்கர்ஸ் 1949, 1950 என்று இரண்டு வருடமும் சாம்பியன். சொந்த அரங்கில் தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்திருந்த அணி. அதன் நடு நாயகன் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குல உயரம், முகத்தில் கண்ணாடி, முதுகில் 99-ம் நம்பர். அந்த சீசனில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 28.4 பாயின்ட். போதாததற்கு லேக்கர்ஸின் அரங்கமும் வழக்கத்தைவிட அகலம் குறைவானது. மைக்கனும் மற்ற இரண்டு நெட்டை ஆட்டக்காரர்களும் கூடைக்குக் கீழே நின்றுவிட்டால் உள்ளே நுழைய இடமே இருக்காது.

பிஸ்டன்ஸ் கோச் மர்ரே மெண்டன்ஹால் இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப சிம்பிள். உள்ளே நுழைந்தால்தானே பிரச்சினை? நுழையவே வேண்டாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். நின்றார்கள். நிமிடக்கணக்கில் நின்றார்கள். பந்து கைக்கு வந்தால் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்று அப்போது விதி எதுவும் இல்லை. டிக்கெட் வாங்கி வந்திருந்த ஏழாயிரம் பேர் கூச்சல் போட்டார்கள். பிஸ்டன்ஸ் அசையவில்லை.

முதல் குவார்ட்டர் முடிவில் பிஸ்டன்ஸ் 8-7. பாதி ஆட்டத்தில் லேக்கர்ஸ் 13-11. மூன்றாவது குவார்ட்டர் முடிவில் லேக்கர்ஸ் 17-16. கடைசி 12 நிமிடத்தில் லேக்கர்ஸ் எடுத்தது ஒரே ஒரு பாயின்ட், பிஸ்டன்ஸ் எடுத்தது 3. அந்த மூன்றில் இரண்டு, அந்த வருடம்தான் லீக்குக்கு வந்திருந்த லாரி ஃபவுஸ்ட் கடைசிச் சில நொடிகளில் மைக்கனின் தலைக்கு மேலே எறிந்து போட்டது. ஆட்டம் முடிந்தது.

இப்போது ஸ்கோர் ஷீட்டைப் பார்க்க வேண்டும். சுவாரஸ்யமே அங்கேதான் இருக்கிறது.

மைக்கன் எடுத்தது 15 பாயின்ட். கூடைக்கு எறிந்தது 11 முறை, விழுந்தது 4. ஃப்ரீ த்ரோ 11-க்கு 7. லேக்கர்ஸ் அணி மொத்தமும் போட்ட கூடைகளே 4-தான். அதாவது நாலும் மைக்கனுடையது! மற்ற எல்லோரும் சேர்ந்து எடுத்தது 3 பாயின்ட், அதுவும் ஃப்ரீ த்ரோவில். அணியின் ஸ்கோரில் 83.3 சதவீதம் ஒரே ஆள். எதிரணியில் அதிகபட்சம் எடுத்தவர் ஜான் ஓல்ட்ஹாம், 5 பாயின்ட். அந்த 83.3-ஐ மட்டும் பார்ப்பவர் மைக்கன் வெளுத்து வாங்கிவிட்டார் என்று நினைப்பார். உண்மையில் அவரைக் கட்டிப்போட்ட ஆட்டம் இது. சதவீதம் மட்டும் போட்டு அடிப்படை எண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம்.

நிஜக் கதையைச் சொல்வது வேறொரு காலம். எத்தனை விழுந்தது என்பது இல்லை, எத்தனை முறை எறிந்தார்கள் என்பது. லேக்கர்ஸ் 18, பிஸ்டன்ஸ் 13. மொத்தம் 31. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2880 நொடி. 2880-ஐ 31-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 93. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் யாரோ ஒருவர் கூடையை நோக்கி எறிந்திருக்கிறார்!

(கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிதில்லை. 1975 உலகக்கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக கவாஸ்கர் 36 நாட் அவுட். பக்கத்திலேயே 174 பந்து என்று எழுதியிருப்பதால்தான் அது இன்னும் மானத்தை வாங்குகிறது.)

எத்தனை நேரம் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதற்கு ஷீட்டில் இடமே கிடையாது. யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதை என்.பி.ஏ. எழுத ஆரம்பித்ததே 1951-52 சீசனில்தான். பந்தைத் தட்டிப் பறித்ததும், எறிந்ததைத் தடுத்ததும் கணக்கில் வந்தது 1973-74-ல். ஆகவே மைக்கன் அன்று எத்தனை பந்தைத் தடுத்தார் என்ற கேள்விக்கு ஷீட்டில் கட்டமே இல்லை.

இந்த ஆட்டம் முடிந்த கையோடு விதியை மாற்றிவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தவறு. நாலு வருடம் இழுத்தது. 1951 ஜனவரி 6-ல் இண்டியானாபொலிஸும் ரோச்செஸ்டரும் ஆறு ஓவர்டைம் ஆடி 75-73 என்று முடித்தார்கள். கூடுதல் நேரத்திலும் பந்தைப் பிடித்து வைக்கும் அதே வேலைதான்.

கடைசியில் தீர்வைக் கொண்டுவந்தவர் சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் முதலாளி டேனி பியாஸோன். பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர். அவர் போட்டதும் இதே வகுத்தல் கணக்குதான். நல்ல விறுவிறுப்பான ஆட்டத்தில் ஒரு அணி சுமார் 60 முறை எறிகிறது, இரண்டு அணிக்கு 120. 2880 வகுத்தல் 120 = 24. பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். 1954-55 சீசனில் ஷாட் கிளாக் வந்தது. முந்தைய சீசனில் 79.5 ஆக இருந்த ஒரு அணியின் சராசரி ஸ்கோர் ஒரே வருடத்தில் 93.1 ஆனது.

அந்த சீசனின் ஃபைனலுக்கு வந்த இரண்டு அணிகள்: பியாஸோனின் சிரக்யூஸ், இன்னொன்று வேறு யாருமில்லை, ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ்! ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம் 1955 ஏப்ரல் 10. பிஸ்டன்ஸ் ஒரு கட்டத்தில் 41-24 என்று 17 பாயின்ட் முன்னிலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் என்றால் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இப்போது 24 நொடிக்கு ஒருமுறை எறிந்தே ஆக வேண்டும். சிரக்யூஸ் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தது. முடிவு 92-91. இந்தத் தடவை அந்த ஒரு பாயின்ட் பிஸ்டன்ஸுக்குக் கிடைக்கவில்லை.