விடிய விடிய ஆடினதை ஒன்றரை மணித்தியாலமாக்கின கதை

எங்கட பாட்டு வீடியோவை எடிட் பண்ணி முடிச்சதும் முதலில் கண்டியில் இருக்கிற நண்பர்களுக்குத்தான் காட்டினோம். நாலரை நிமிசம். எல்லாரும் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள்: "நடுவில தப்பு அடிக்கிற இடம் நீளம், குறைங்க." குறைத்தோம். பிறகு, தப்பு அடித்த தோட்டத்து அண்ணனிடம் காட்டினோம். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடி முடியிறதுக்கு முன்னாடியே வெட்டிட்டீங்களே தம்பி" என்றார்.

இப்ப யார் சொல்வதைக் கேட்பது? இது பேராதனைக்குப் புதுக் கேள்வி இல்லை. அறுபது வருசத்துக்கு முன்பு இங்கே படித்த தமிழ் மாணவர்களுக்கும் இதே தலையிடி இருந்தது.

1956இல் பேராதனையில் கற்பித்த சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். நாடகம என்ற பழைய சிங்கள வடிவத்தை எடுத்துப் படித்தவர்களும் வந்து பார்க்கிற நாடகமாக்கினார். அந்த நாடகமவுக்கும் நம்முடைய கூத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அப்படியென்றால் நம் கூத்து மட்டும் ஏன் கிராமத்தோடு நிற்க வேண்டும்? தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன் இந்தக் கேள்வியோடு மாணவர்களைச் சேர்த்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அறுபதுகளின் நடுவில் 'இராவணேசன்' வந்தன. இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு.

மட்டக்களப்பில் கூத்து என்றால் விடிய விடிய நடக்கும். நடுவில் வட்டக் களரி, சுற்றிவர சனம். நடிகர் பாட, பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாட, மத்தளமும் தாளமும் இழுத்துப் போகும். கிராமத்தில் அரங்கேற்றத்துக்கு முன்பே சனம் ஒத்திகையைச் சுற்றி இருந்து பார்க்கும். தாளம் பிசகினால் பெருசுகள் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். கருத்துக் கேட்பது கூத்துக்குள்ளேயே இருந்த பழக்கம்.

ஆனால் பேராதனை மாணவர்களுக்கு முன்னால் இருந்தது வேறு சனம். மண்டபத்தில், கதிரையில், ஒரே பக்கமாக இருந்து பார்க்கிறவர்கள். விடியும்வரை இருக்க மாட்டார்கள். அதனால் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்தது. திரும்பத் திரும்பப் பாடுவது குறைந்தது, ஆட்டங்கள் சுருங்கின, நாலு பக்கமும் பார்த்து ஆடினவர்கள் ஒரு பக்கம் பார்த்து ஆடினார்கள். அதே நேரம் ஆட்டத்தையும் தாளத்தையும் அவர்கள் கூத்துத் தெரிந்த அண்ணாவிமாரிடம்தான் பழகினார்கள். எவ்வளவு நேரம் என்பதை மண்டபத்துச் சனத்தை வைத்து முடிவெடுத்தார்கள், எப்படி ஆடுவது என்பதைக் களரியிடம் கேட்டார்கள். நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

இதற்குப் பலன் கிடைத்தது. கூத்து பட்டிக்காட்டு ஆட்டம் என்று முகம் சுளித்தவர்களும் வந்து பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் அது படிக்கிற விசயமாகியது.

இழப்பும் இருந்தது. களரியைச் சுற்றி இருந்த சனத்துக்கு அந்த மண்டபத்தில் இடம் இல்லை. அதைத்தான் பின்னாளில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள் கேட்டார்கள்: கூத்தை மாற்றுவதென்றால் அதை ஆடுகிற சமூகத்தோடு இருந்தல்லவா மாற்ற வேண்டும்? 2000களில் மட்டக்களப்பு சீலாமுனையில் அவர்கள் கிராமத்துக்குள்ளேயே, ஊராரோடு பேசிப் பேசிக் கூத்தை மீளுருவாக்கினார்கள். மௌனகுருவும் சும்மா இருக்கவில்லை. பேராதனையில் ஆடின 'இராவணேசனை' பல வருசம் கழித்து மட்டக்களப்பில் புது மாணவர்களோடு திரும்பச் செய்தார்.

வித்தியானந்தன் செய்தது பிழை என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர் அன்றைக்கு அதைச் செய்யாவிட்டால் இன்றைக்கு நாங்கள் கூத்தைப் பற்றிப் படித்திருப்போமா தெரியாது. ஆனால் ஒன்று விளங்குகிறது. "நீளம்" என்று சொல்கிறவர் தன்னுடைய பொறுமையைப் பற்றிச் சொல்கிறார். "அடி முடியவில்லை" என்று சொல்கிறவர் அந்தக் கலையைப் பற்றிச் சொல்கிறார். இரண்டும் தேவைதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

இப்ப எங்கட வீடியோவில் தப்பு ஒரு முழு அடி கேட்கும். அதற்குப் பதிலாகக் கண்டி வாவிக்கரையில் நாங்கள் ஸ்டைலா நடந்துபோகிற இருபது செக்கனை வெட்டிவிட்டோம். அதை யாரும் இதுவரை தேடவில்லை. அடுத்த முறை முதலில் தோட்டத்தில் காட்டுவோம், பிறகு கண்டியில்.